பெதும்பைப் பருவத்திற் பேசவேண்டிய பேச்சு

ஊரார் யாவரும் அறியவேண்டியதைக் கல்லிலே பொறித்து வைத்தல் நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கிற்குத் தலைசிறந்த சான்றாய் நிற்பது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர். முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்க் கோயிற் சுவரிலே வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலையால் ஊரவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. உறுப்பினர்க்கு வயது 35க்குக் குறைதலும் 70க்கு மேற்படுதலும் கூடா. சொந்த மனையில் வீடும், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் இருத்தல் வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவற்றையெல்லாம் சுவரிலே எழுதிவைத்தமையால், ‘எமக்கு இது தெரியாது’ என்று பின்னர் எவரும் சொல்ல இடமில்லாது போயிற்று.

அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றிற் பிறந்து, அக்கல்வெட்டைப் பள்ளிச் சுற்றுலாவிலே கண்டு, 35 என்றும் 70 என்றும் மனப்பாடம் செய்யும் ஒன்பது வயதுச் சிறுமியை எண்ணிப் பார்ப்போமாக. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் ஆடவர் அவை ஏறுதற்குரிய வயது இதுவென அவள் அறிவாள். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தன் உடம்பிலே நிகழவிருப்பது யாது என்பதை அறியாள். அதனை அவட்குச் சொல்வார் யார்? எப்பொழுது சொல்வர்? எச்சொல்லாற் சொல்வர்? இவ்வினாக்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கலாசாலைப் பத்திரிகையில் எழுதத்தக்க பொருளோ இஃது என்று சிலர் முகஞ் சுளித்தல் கூடும். அம்முகச்சுளிப்பே இப்பொருளை எழுதுதற்குப் போதிய காரணமாம்.

நம் மொழி இவ்விஷயத்தில் வறியதன்று. உலா நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்துப் பெயரிட்டுள்ளன. ஐந்து முதல் ஏழு வயது வரை பேதை. எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை. பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை. அதன்பின் மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன. இவ்வகுப்பைப் புலவர் தம் பாட்டின் பொருட்டே செய்தனர். ஆயினும் உடல்நூலார் இக்காலத்திற் கூறுவதனோடு இஃது ஓரளவு ஒத்து நிற்றல் வியப்பிற்குரியது. பெண் மகவின் உடம்பிலே மாறுதல் தொடங்குவது பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள். மார்பு அரும்புதல் அதன் முதற் குறி. அக்குறி தோன்றிய பின் ஏறக்குறைய இரண்டாண்டு கழித்தே முதற் பூப்பு நிகழும். அஃதாவது, மங்கைப் பருவத்தில் நிகழவிருப்பதற்கு இயற்கையே பெதும்பைப் பருவத்தில் ஓலை அனுப்பிவிடுகின்றது. அவ்விரண்டாண்டு இடைவெளி தாய்க்கும் மகட்கும் பேசுதற்கென்றே கிடைத்த தவணை. அத்தவணையை நாம் வாளா கழித்துவிடுகின்றோம்.

கழித்துவிட்டுப் பின் என் செய்கின்றோம்? சிறுமி ஒரு நாள் காலையில் ஆடையிற் குருதி கண்டு, அடிபட்டதோ, கொடுநோய் வந்ததோ, தான் யாது பிழை செய்தோமோ என்று நடுங்குகின்றாள். மறைக்க முயல்கின்றாள், அழுகின்றாள். தாய் அறிந்தவுடன் வீடு பரபரக்கின்றது. தாய்மாமனுக்குச் செய்தி போகின்றது. ஓலைக் குடிசை எழுகின்றது. மஞ்சள் நீராட்டு விழாவிற்கு அழைப்பிதழ் அச்சாகின்றது. வண்ணப்படம் பொறித்த பெரும் பதாகை தெருமுனையிலே ஏறுகின்றது. ஊர் முழுவதும் அறிந்துகொள்கின்றது. யாருடைய உடம்பில் இது நிகழ்ந்ததோ அவளுக்கு மட்டும், இஃது இன்னது, இதனால் நிகழ்ந்தது, இனி மாதந்தோறும் வரும், அஞ்சற்க என்று நான்கு வார்த்தை சொல்வாரில்லை.

விழாவை அடியோடு பழிப்பது எம் கருத்தன்று. உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் வளரும் உடம்பிற்கு நல்ல உணவுகளே. உறவினர் கூடிப் பெண் மகவைச் சீராட்டுதலும் தீதன்று. யாம் குறை கூறுவது முறை பிறழ்ந்தமையை. அறிவித்தல் முன்னும் கொண்டாடுதல் பின்னும் வரவேண்டும். அதுவும் அப்பெண் விரும்பினாலன்றிக் கூடாது. இவளோ தன் வகுப்புத் தோழர் கண்ணெதிரே பதாகையிலே ஏற்றப்பட்டு, மறுநாள் பள்ளிக்குச் செல்லக் கூசி நிற்கின்றாள்.

இன்னொன்றும் கருதத்தக்கது. முதல் நாளிலே நாம் வழங்கும் சொற்கள் யாவை? பூப்பு என்கின்றோம், மலர்தல் என்பது அதன் பொருள். சமைதல் என்கின்றோம், பக்குவமாதல் என்பது அதன் பொருள். பெரியவளாதல், ஆளாதல் என்கின்றோம். யாவும் மதிப்புடைய சொற்கள். அடுத்த மாதமே அதே குருதி வரும்பொழுது நம் நாவில் எழுவன எவை? தீட்டு, வீட்டுக்குத் தூரம், வீட்டுவிலக்கு என்பன. முதல் நாள் மலரென்று மாலை சூட்டி, முப்பதாம் நாள் தீட்டென்று திண்ணைக்குத் தள்ளும் இம்முரண்பாட்டைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி எங்ஙனம் விளங்கிக்கொள்வாள்? தன்னுடம்பு வெறுக்கத்தக்கது என்ற ஒன்றையே அவள் விளங்கிக்கொள்கின்றாள்.

இவ்வெறுப்பு வெறும் மனவருத்தத்தோடு நிற்பதாயின் ஒருவாறு பொறுக்கலாம். அஃது உயிரையும் உண்ணும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘கஜா’ப் புயல் சோழநாட்டுக் கரையைத் தாக்கிய இரவிலே, பட்டுக்கோட்டைக்கு அருகே, பூப்பெய்திய காரணத்தால் வீட்டிற்குப் புறம்பே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, தென்னைமரம் வீழ்ந்து மாண்டாள். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, கோயம்புத்தூர் மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில், அண்மையிற் பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வெழுதினாள். அக்காட்சியைக் கண்டு நாடே நாணிற்று, விசாரணையும் நடந்தது. முன்னதிலே குற்றம் புயலினுடையது என்பாரும், பின்னதிலே ஒருசிலருடையது என்பாரும் உளர். குடிசையை வெளியே கட்டியதும் படியில் அமர்த்தியதும் ஒரே எண்ணத்தின் இரு கிளைகள் என்பதே எம் துணிபு. அவ்வெண்ணத்தை வளர்ப்பது மௌனம்.

மௌனத்தின் விலையை நம் பகுதி நெடுநாளாக அறியும். உத்தரமேரூரினின்றும் தெற்கே தொலைவிலில்லாத திண்டிவனத்திலே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஓரிரவு மூன்று வீட்டு ஆடவர், ஒருவர்பின் ஒருவராய் வந்து, பேற்று நோவால் வருந்தும் தம் மனைவியர்க்கு உதவும்படி ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண்ணை அழைத்தனர். அவரோ அப்பொழுது வைத்தியம் கற்றவரல்லர். அவர் தந்தையாரே வைத்தியர். ஆடவர் தொட்டுப் பார்த்தல் தகாது என்று அம்மூவரும் மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே ஸ்கட்டர் அம்மையாரை வைத்தியக் கல்விக்குச் செலுத்திற்று. 1900-இல் அவர் வைத்தியராய் மீண்டார். வேலூரில் 1902-இல் மருத்துவமனையும் 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் அமைந்தன. பெண்ணுடம்பைப் பற்றிப் பேசுதலே தகாது என்ற கட்டுப்பாட்டிற்கு மூன்று உயிர் ஓரிரவில் இரையாயின என்பதை அம்மருத்துவமனையின் வரலாறு நமக்கு நினைவூட்டுகின்றது.

அக்காலத்தில் பூப்பு என்பது கல்விக்கு முற்றுப்புள்ளியாகவும் மணத்திற்குத் தோரணவாயிலாகவும் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் வரலாற்றை நோக்குக. 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்த அவர், பருவமெய்தியதும் வழக்கப்படி பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டார். ஆயின் கல்வி நின்றபாடில்லை. தந்தையார் நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே பாடம் நடத்துவித்தார். மகள் 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912-இல் சென்னை மருத்துவக் கலாசாலையிற் பட்டம் பெற்றார். 1927-இல் சட்டசபை புகுந்து பெண்களின் மண வயதை உயர்த்துமாறு வாதாடினார். வீட்டினுள்ளே ஒரு நூலும், அதனைக் கற்பிக்க மனமுடைய ஒரு தந்தையும் இருந்தமையால் விளைந்த பயன் இஃது. 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் 14 என்று வைத்தது. இந்நாளில் நடைமுறையிலுள்ள 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 18 என்று வைத்திருக்கின்றது. பூப்பெய்துதல் வேறு, மணத்திற்குரியவளாதல் வேறு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. எத்துணை இல்லங்கள் உளமார ஒப்புக்கொண்டுள்ளன என்பது வேறு வினா.

அரசாங்கமும் வாளா இருந்ததில்லை. 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற ‘புதுயுகம்’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டு நாட்டுப்புறத்திலே 10 முதல் 19 வயதுள்ள பெண்கட்கு, இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, ஆறு நாப்கின் கொண்ட பொட்டலம் மூன்று இலவசமாய் வழங்கப்பெற்றன. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், தம் மனைவியார் பழந்துணியை மறைத்தெடுத்துச் செல்லக் கண்டு வருந்தி, பல்லாண்டு முயன்று, மகளிர் குழுக்கள் தாமே இயக்கத்தக்க மலிவான நாப்கின் எந்திரத்தைச் செய்து முடித்தார். அவர்க்கு 2016-இல் ‘பத்மஸ்ரீ’ விருது அளிக்கப்பெற்றது. இவற்றின் பயனாகவும், கடைத்தெருவின் பயனாகவும், தமிழ்நாட்டு இளம்பெண்களில் 100க்கு 90க்கு மேற்பட்டோர் சுகாதாரமான முறைகளைக் கையாளுகின்றனர் என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகின்றது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் கடைக்காரர் அப்பொட்டலத்தைக் கருப்புப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றித் தருகின்றார். வாங்குபவள் தலைகுனிந்து பெறுகின்றாள். பொருள் வந்து சேர்ந்தது. அதனோடு வரவேண்டிய பேச்சு இன்னும் வந்து சேரவில்லை. பொருளை அரசாங்கம் வண்டியில் ஏற்றி அனுப்பலாம். பேச்சை அங்ஙனம் அனுப்ப இயலாது. அது வீட்டிலேதான் விளைய வேண்டும்.

பள்ளி சொல்லித் தாராதோ என்பார்க்கு விடை: தருகின்றது, காலந் தாழ்த்துத் தருகின்றது. நம் மாநிலப் பாடநூலிலே ‘வளரிளம் பருவமடைதல்’ என்னும் பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகின்றது. எட்டாம் வகுப்பென்றால் பதின்மூன்று வயது. அதற்குள் வகுப்பிலுள்ள பெண்கள் பலர் பூப்பெய்திவிட்டிருப்பர். ஆறு கடந்தவர்க்கு ஓடம் காட்டுதல் போலும் இது. அப்பாடத்தையும் ‘வீட்டிற் படித்துக்கொள்க’ என்று சொல்லிக் கடந்துபோகும் ஆசிரியர் இலர் என்று யாம் துணிந்து கூறோம்.

இனி, சொல்லவேண்டியது யாது என்பதைச் சுருங்கக் கூறுவோம். பலர் அஞ்சுவதுபோல் அஃது அத்துணை அரியதன்று. ‘கண்ணே, உன் வயிற்றின் அடியிலே கருப்பை என்று ஓர் உறுப்பு உண்டு, குழந்தை வளர்வதற்கான பை அது. அதன் இருபுறமும் முட்டைப்பை இரண்டு உண்டு. நீ வளர்ந்து வரும்பொழுது மாதந்தோறும் ஒரு முட்டை முதிரும். அதற்கென்று கருப்பையின் உட்புறம் மெத்தைபோல் தடிக்கும். குழந்தை உண்டாகாதபொழுது அம்மெத்தை வேண்டாததாகிக் கரைந்து குருதியோடு வெளிவரும். இது காயமன்று, நோயன்று. உன்மேல் பிழையும் இல்லை. எனக்கு வந்தது, உன் பாட்டிக்கு வந்தது, உனக்கும் வரும். வந்தால் என்னிடம் சொல். பள்ளியில் வந்தால் ஆசிரியையிடம் சொல்’ என்று ஒரு தாய் சொல்வாளாயின் பாதி வேலை முடிந்தது.

மறுபாதி, அன்றாடச் செய்திகள். குருதிப்போக்கு இரண்டு முதல் ஏழு நாள் வரை இருக்கலாம். கொட்டிப்போவதுபோல் தோன்றினும் மொத்தத்தில் வெளிப்படுவது சில மேசைக்கரண்டி அளவே. தொடக்க ஆண்டுகளில் மாதக் கணக்குத் தவறும். ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பினும் அஞ்சவேண்டா. அணையாடையை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணி கையாள்வோர் அதனைச் சோப்பிட்டு அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். நாணத்தால் இறவாணத்தில் ஈரத்தோடு செருகிவைத்தலே பல தொல்லைக்கு வித்து. நீராடலாம், தலைமுழுகலாம், ஓடலாம், ஆடலாம், ஊறுகாய்ப் பானையைத் தொடலாம். தொட்டால் ஊறுகாய் கெடாது. முருங்கைக் கீரையும் பயறும் நெல்லிக்கனியும் உண்ண வேண்டும். உணவோடு தேநீர் பருகினால் இரும்புச்சத்து உடம்பிற் சேர்வது குறையும். 2019 முதல் 2021 வரை நடந்த ஆய்விலே, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் குருதிச் சோகை உடையவராய்க் காணப்பட்டமையின், இவ்வறிவுரை ஒரு வீட்டிற்கும் மிகையாகாது. 13 வயதாகியும் மார்பு அரும்பவில்லை எனினும், 15 வயதாகியும் பூப்பு நிகழவில்லை எனினும், போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிப்பினும், மணிக்கொருமுறை அணையாடை நனையினும், நோவினாற் பள்ளி செல்ல இயலாது போயினும், குடிசையை நாடாது வைத்தியரை நாட வேண்டும்.

இத்தனையும் சொல்ல எல்லாத் தாய்மார்க்கும் வாய் வருமோ? வாராது. அவர்க்கே எவரும் சொன்னதில்லை. தம் பன்னிரண்டாம் வயதிலே தாமும் அழுது நின்றவரே. கேளாத மொழியைப் பேசுக என்றால் எங்ஙனம் பேசுவர்? ஈண்டுத்தான் நூல் துணைக்கு வருகின்றது. தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிப் பேச நாணும் செய்தியை, இருவரும் ஒரு நூலை நோக்கிப் பேசுதல் எளிது. கண் நூலின்மேல் இருக்கும். செவி ஒருவர்க்கொருவர் கொடுத்திருக்கும். அதிதி குப்தா என்னும் பெண்மணி தம் கணவரோடு சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ‘மென்ஸ்ட்ருபீடியா’ என்னும் சித்திரக் கதை நூல் இவ்வுண்மையை உணர்ந்து எழுதப்பட்டது. மூத்த பெண் ஒருத்தி சிறுமியர்க்கு விளக்குவதுபோல் படமும் உரையாடலுமாய் அமைந்த அந்நூல் பல இந்திய மொழிகளில் இன்று வழங்குகின்றது. மேல்நாட்டிலே ஜூடி புளூம் 1970-இல் எழுதிய கதையொன்று, பூப்பிற்காகக் காத்திருக்கும் சிறுமியைக் கதைத்தலைவியாக்கி, தலைமுறை தலைமுறையாய்ச் சிறுமியர்க்குத் துணை நின்று வருகின்றது.

படிக்கத் தெரியாத தாய் என் செய்வாள் என்பது நாட்டுப்புறத்திலே நியாயமான வினா. மகள் படிக்கட்டும், தாய் கேட்கட்டும். நம் புலவர் மரபிலே மூலம் ஒருவர் செய்ய, உரை மற்றொருவர் கண்டதில்லையா? நூலிலுள்ள மூலத்தை மகள் வாசிக்க, ‘ஆம், எனக்கும் அவ்வாறே நோவு இருந்தது, வெந்நீர் ஒற்றடம் கொடுத்தால் தணியும்’ என்று தாய் தன் அனுபவத்தை உரையாகச் சேர்ப்பாளாயின், அவ்வீட்டிற் கலாசாலை ஒன்று நடக்கின்றது என்றே கொள்க. எழுத்தறியாமையால் தாழ்வுற்றிருந்த தாயும் ஈண்டு ஆசிரியை ஆகின்றாள். நூல் மட்டும் தனியே மகள் கையிற் கொடுக்கப்படுமாயின் ஐயங்கள் தீரா. பேச்சு மட்டும் தனியே நிகழுமாயின் பிழையான நம்பிக்கைகளும் கலந்துவிடும். இரண்டும் கூடியே பயன் தரும்.

நூல் வேண்டுமாயின் ஊர் தோறும் அது சென்று சேர வேண்டும். 1931-ஆம் ஆண்டிலே மன்னார்குடியை அடுத்த மேலவாசலிற் கனகசபைப் பிள்ளை என்பார், நூலகத் தந்தை எனப்படும் ரங்கநாதனாரின் ஊக்கத்தோடு, மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்கட்குக் கொண்டு சென்றார். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. அம்மரபின் வழிவந்த கிளை நூலகங்கள் இன்று நம் ஊர்களில் உள. அவற்றுள் பத்து வயதுச் சிறுமி தன் உடம்பைப் பற்றி எளிய தமிழிற் படிக்கத்தக்க நூல் ஒன்றேனும் அவள் கைக்கெட்டும் தட்டிலே உண்டா? இல்லையேல் கேட்டு வாங்குதல் நம் கடன்.

இதற்கு மாறாகக் கூறப்படும் தடைகள் இரண்டு. இளமையிலேயே இவற்றைச் சொன்னால் பிள்ளையின் மனம் கெடும் என்பது ஒன்று. பிள்ளையின் மனம் நாம் பேசாவிடின் வெறுமையாய் இராது. தோழியர் காதோடு ஓதும் அரைகுறைச் செய்தியும், கைப்பேசியிலே கண்டபடி வரும் காட்சியும் அவ்விடத்தை நிரப்பும். அன்றியும், தன் உடம்பின் உறுப்புக்களைப் பெயர் சொல்லிப் பேசக் கற்ற பிள்ளையே, அவ்வுடம்பிற்கு எவரேனும் தீங்கு செய்ய முற்பட்டால் அதனை வாய் திறந்து சொல்ல வல்லவள். சொல்லறியாத பிள்ளை எங்ஙனம் முறையிடும்? குழந்தைகட்கு உதவும் 1098 என்னும் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்வித்தலோடு, அதிற் பேசவேண்டிய சொற்களையும் நாம் தருதல் வேண்டும்.

நம் பாட்டிமார்க்கு யார் சொன்னார், அவர்கள் வாழவில்லையா என்பது மற்றொன்று. வாழ்ந்தனர், ஆயினும் அழாது வாழ்ந்தனர் என்று யார் சொல்ல வல்லார்? அன்றைப் பெருங்குடும்பத்திலே கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் அத்தையும் சித்தியும் அக்கையும் சூழ இருந்தனர். எவரேனும் ஒருவர் கண்டுகொள்வர். இன்று உத்தரமேரூர்ப் பக்கத்துத் தாய்மாருள், விடியுமுன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகட்கு வண்டி ஏறி இருட்டியபின் இறங்குவாரும் உளர். நாற்று நடவிற்குச் செல்வாரும் உளர். மகள் பள்ளியினின்று மீளும்பொழுது வீடு பூட்டியிருக்கின்றது. ஆகலின், தானே வந்து வாய்க்கும் என்று காத்திராமல், இப்பேச்சிற்கென ஒரு நேரத்தை நாமே வகுத்தல் இன்றியமையாதது. ஒரு நாளில் முடியும் பேச்சுமன்று; எட்டு வயதில் ஒரு சொல், பத்து வயதில் நான்கு சொல், என வயதிற்கேற்பச் சிறிது சிறிதாய் நிகழவேண்டியது.

தாய் என்றே இதுகாறும் கூறினோம். தந்தைக்குக் கடனில்லை என்பது அதன் கருத்தன்று. தாயற்ற வீடுகளும், தாய் அயலூரில் உழைக்கும் வீடுகளும் பல. நாப்கின் வாங்கி வரத் தந்தை நாணாதிருப்பாராயின், அந்நாணமின்மையைக் கண்டு மகள் கற்பது எந்நூலினும் பெரிது. மகனையும் அருகே அமர்த்துக. தங்கை ஏன் இன்று சோர்ந்திருக்கின்றாள் என்பதை அறிந்த அண்ணன், வகுப்பிலே மற்றொருத்தியின் ஆடைக் கறையைக் கண்டு நகையான். அறியாத ஆண்பிள்ளைகள் வளர்ந்தே நாளைப் பள்ளித் தலைவரும் ஊர்ப் பெரியவரும் ஆகின்றனர் என்பதை மறத்தல் கூடாது.

இக்கலாசாலை மாணவ மாணவியரே! நம்முள் பலர் நாட்டுப்புறத்தினின்றும் வந்தவர். நம் இல்லங்களில் பெதும்பைப் பருவத்துத் தங்கையோ, அக்கை மகளோ இருத்தல் கூடும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்கு ஏரிக்கரை ஊர்களிற் சென்று மரம் நடுகின்றோம், தெருக் கூட்டுகின்றோம். அங்கே மாணவியர் ஒரு மாலைப்பொழுதை ஊர்த் தாய்மாரோடு அமர்ந்து கழிப்பாராக. மேடையிட்டுச் சொற்பொழிவாற்றல் வேண்டா. ‘உங்களுக்கு அன்று யார் சொன்னார்கள்?’ என்ற ஒரு வினாவைக் கேட்டு, விடையைப் பொறுமையாய்ச் செவிமடுத்தல் போதும். அவ்விடைகளே மகளிடம் பேசவேண்டியது யாது என்பதை அவர்கட்கும் நமக்கும் அறிவுறுத்தும். ஆசிரியராய்ப் பணிபுரியும் பழைய மாணவர், எட்டாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிச் செல்லாதிருப்பாராக. இயலுமேல் ஆறாம் வகுப்பிலேயே தாய்மாரை அழைத்து அதனை உடன் வாசிப்பாராக. மருத்துவத்துறையிலுள்ளோர் பத்து வயதுச் சிறுமி படிக்கத்தக்க தமிழில் பத்துப் பக்கம் எழுதித் தருவாராக. கலைச்சொற்களாற் பக்கத்தை நிரப்பாது, உத்தரமேரூர்ச் சந்தையில் வழங்கும் சொல்லால் எழுதுவாராக.

இவை யாவும் பெருஞ் செலவோ புதுச் சட்டமோ வேண்டாதவை. வேண்டுவன நூல் ஒன்று, நாணம் நீங்கிய நாவு ஒன்று, நாளுக்குக் கால்மணி நேரம், அவ்வளவே. விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் அந்நூலைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வோமாக. சிறுமி ஒருத்தி, தன் முதற் குருதியைக் கண்ட காலையில், ‘அம்மா, நீ சொன்னது வந்துவிட்டது’ என்று அமைதியாய் வந்து சொல்வாளாயின், அவ்வீட்டார் அன்று கொண்டாடுதற்கு வேறு விழா வேண்டுவதில்லை.